ஒயின் விழாவில் 22 கிளாஸ்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் ஒரு வட்டார ஒயின் விழாவுக்குப் போயிருந்தேன். அந்தப் பகுதியின் சிறு தயாரிப்பாளர்கள் மட்டும் ஸ்டால் போட்டிருந்தார்கள். வாசலிலேயே ஒரு கிளாஸ் கொடுத்துவிடுகிறார்கள், அதை நீட்டினால் ஊற்றுவார்கள். மொத்தம் 22 ஒயின் ருசி பார்த்தேன், எண்ணிக்கொண்டே வந்தேன். முதல் ஐந்தாறு வரைக்கும் வித்தியாசம் தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பு. 21ஆவது மட்டும் பிரமாதமாக இருந்தது, உடனே அதில் இரண்டு பாட்டில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒன்றைத் திறந்தால் சப்பென்று இருக்கிறது. விழாவில் வேறு எதையாவது ஊற்றி ஏமாற்றிவிட்டார்களா, இல்லை என் நாக்கே அவ்வளவுதானா? பக்கத்தில் நின்றவர்கள் செர்ரி வாசம், புகையிலை வாசம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒயின் வாசம் மட்டும்தான் வந்தது.

பெயர் வேண்டாம், வீட்டில் தெரியாது.

*

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் தெரியாமல் வீட்டில் எப்படிப் பாட்டிலைத் திறந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

முதலில் கணக்கு. ருசி பார்க்க ஊற்றுவது ஒரு தடவைக்கு 40 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 22ஆல் பெருக்குங்கள், 880 மில்லி. ஒரு முழு பாட்டிலே 750 மில்லிதான். ஆக நீங்கள் ருசி பார்க்கவில்லை, ஒரு பாட்டிலை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததில் கை வைத்திருக்கிறீர்கள். அந்த நிலையில் 21ஆவதாக எதை ஊற்றியிருந்தாலும் பிரமாதமாகத்தான் இருந்திருக்கும்.

ஸ்டாலுக்கு ஸ்டால் ஒரு வாளியோ ஜாடியோ வைத்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது துப்புவதற்கு. பலருக்கு இது கூச்சம், ஊற்றிக் கொடுத்தவர் முகத்துக்கு முன்னாலேயே எப்படித் துப்புவது என்று. உண்மையில் அவர் அதைத் தப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டார், ருசி பார்க்க வந்த ஆள் என்று தெரிந்துகொண்டு, பின்னால் ஒளித்து வைத்திருக்கும் நல்ல பாட்டிலை எடுத்தாலும் எடுப்பார். ஒரு மடக்கு, வாய் முழுக்க ஒரு சுற்று, அப்புறம் வாளி. துப்பினாலும் வாயின் வழியாகக் கொஞ்சம் ஆல்கஹால் உள்ளே போகத்தான் செய்யும், அதனால் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

'எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பு' என்றீர்களே, அதற்குப் போதை மட்டும் காரணமில்லை. சிவப்பு ஒயினில் டானின் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்குவது. இதைச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் படாத பாடு படுவார்கள், வாய் வறள்கிறது, நாக்கைப் பிடித்து இழுக்கிறது என்றெல்லாம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாகவே உட்காரவைத்துவிட்டோம். நேரம் போனது தெரியாமல் ஊறிவிட்ட தேநீரிலும் மாதுளைத் தோலைக் கடித்தாலும் வருகிற அதே துவர்ப்பு. டானின் எச்சிலில் இருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரளவைத்துவிடுகிறது, எச்சிலின் வழுவழுப்பு போய்விடுகிறது, நாக்கு அண்ணத்தில் உரசுவது உங்களுக்கே தெரியும். இது ஒவ்வொரு மடக்குக்கும் ஏறிக்கொண்டே போகும். எச்சில் மறுபடி ஊற அவகாசம் கொடுக்காமல் அடுத்த ஸ்டால், அடுத்த ஸ்டால் என்று போனால், ஏழாவது சிவப்பில் நீங்கள் ருசிப்பது முந்தைய ஆறு வைத்துவிட்டுப் போன பாக்கியை.

அடுத்தது வரிசை. வெள்ளைக்குப் பிறகு சிவப்பு, லேசானதற்குப் பிறகு கனமானது, இனிப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில். இதைச் சம்பிரதாயம் என்று நினைத்து ஒருமுறை நான் அலட்சியம் பண்ணினேன். முதல் ஸ்டாலிலேயே நல்ல இனிப்பு ஒயின் கிடைத்ததென்று குடித்துவிட்டு, நேராக அடுத்த ஸ்டாலில் இனிப்பே இல்லாத ஒரு வெள்ளையை வாங்கி, "என்ன இது, வினிகர் மாதிரி இருக்கே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஊற்றிக் கொடுத்தவர்தான் அதைத் தயாரித்தவர். மனிதர் கோபப்படவில்லை. ஒரு துண்டு வெறும் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து, "கொஞ்சம் நின்னு பேசிட்டுப் போங்க" என்றார். பத்து நிமிஷம் கழித்து அதே பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றினார். எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளினால் வருமே அந்த வாசம், பின்னாலேயே பச்சை ஆப்பிளின் புளிப்பு. வேறு பாட்டிலோ என்று அதைத் திருப்பிப் பார்த்தேன், அவர் சிரித்தார்.

உங்கள் 21ஆவது ஒயினுக்கும் இதுதான் நடந்திருக்கும் என்று என் ஊகம், திசை மட்டும் தலைகீழ். துவர்ப்பு ஏறிப்போன வாயில், டானின் குறைந்த, கொஞ்சம் இனிப்பு தங்கியிருந்த ஒரு ஒயின் வந்து இறங்கியிருக்கிறது. அப்பாடா என்றிருந்திருக்கும். அந்த அப்பாடாவுக்குத்தான் நீங்கள் இரண்டு பாட்டில் வாங்கினீர்கள். வீட்டில் அதற்கு முன்னால் வரிசையாக நிற்க வேறு ஒயின் இல்லை.

ஏமாற்று வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பேர் குடிக்கிற இடத்தில் அந்தச் சிறு தயாரிப்பாளருக்கு அது வீண் ரிஸ்க். வேறு இரண்டு சந்தேகங்கள் உண்டு. ஒன்று, பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினீர்களா? குளிர்ந்த சிவப்பிலிருந்து வாசம் எழும்பாது, துவர்ப்பும் புளிப்பும் மட்டும் முன்னால் வந்து நிற்கும். விழாவில் அது வெளியிலேயே, ஒருவேளை மணிக்கணக்காகத் திறந்தே இருந்திருக்கும். இன்னொன்று கார்க். கார்க்கில் சில பூஞ்சைகளால் டிசிஏ என்று ஒரு சேர்மம் உண்டாவதுண்டு, ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும், ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வாசம்கூடத் தெரியாது, பழவாசத்தை மட்டும் அமுக்கிவிடும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் குடிக்கிறவர் 'சப்பென்று இருக்கிறது' என்பார். திருகுமூடி போட்ட பாட்டில் என்றால் இந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

நாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். கலிபோர்னியா மாநிலத் திருவிழாவின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரு சோதனை செய்தார். அவரே ஒயின் தயாரிப்பவர், புள்ளியியலும் தெரிந்தவர். 2005 முதல் 2008 வரை, நடுவர்களுக்கு வைத்த 30 ஒயின்களுக்கு நடுவே ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றியதையே மூன்று முறை, சொல்லாமல், கலந்து வைத்தார். மூன்று முறையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்ட நடுவர்கள் ஏறத்தாழ பத்து சதவீதம்தான். இன்னொரு பத்து சதவீதத்தினர் சில சமயம் அதே ஒயினுக்கு ஒருதடவை வெண்கலமும் இன்னொருதடவை தங்கமும் கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நிபுணர்கள். அதனால் உங்கள் நாக்கை நொந்துகொள்ள வேண்டாம். பாட்டிலில் ஒட்டியிருக்கும் பதக்க ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம்.

செர்ரி, புகையிலை சமாச்சாரம் பாதி பழக்கம், பாதி கண். 2001இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், போர்டோவில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அதற்கும் சொன்னார்கள். வாசம் எல்லாம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஓக் பீப்பாயில் கிடந்த ஒயினில் வெனிலா வாசம் வருவது நிஜம், மரத்திலேயே அந்தச் சேர்மம் இருக்கிறது. சில வெள்ளைகளில் வெண்ணெய் வாசம் வரும், அது பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தை (ஆப்பிளின் புளிப்பு) லாக்டிக் அமிலமாக (தயிரின் புளிப்பு) மாற்றும்போது கூடவே பிறப்பது. நமக்கு மூக்கு இருக்கிறது, அதற்கான சொல் சட்டென்று வாயில் வருவதில்லை, அவ்வளவுதான். கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, உங்களுக்கு ஞாபகம் வருவது ஈர மண்ணோ பழைய அலமாரியோ, அதையே எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரின் செர்ரி நமக்கு எதற்கு?

வட்டார விழாவில் நான் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான், அதற்காகத்தான் போவதே. ஒரே ஒரு திராட்சை ரகத்தைப் பிடித்துக்கொண்டு, அதை மட்டும் நாலைந்து ஸ்டாலில் கேட்டு வாங்குவேன், முடிந்தால் ஒரே வருஷத்து ஒயினாக. மழையும் வெயிலும் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், அப்படியும் ஒன்று புளிக்கிறது, ஒன்று சூடாகத் தொண்டையில் இறங்குகிறது. ஒருவர் ஒரு வாரம் முன்னதாகப் பறித்துவிட்டார், பழத்தில் சர்க்கரை ஏறவில்லை, அதனால் ஆல்கஹாலும் குறைவு, புளிப்பு அதிகம். இன்னொருவர் காத்திருந்து பறித்தார். ஒருவர் பீப்பாய், ஒருவர் எஃகுத் தொட்டி. "எப்போ பறிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அந்த வருஷத்து ஆலங்கட்டி மழையிலிருந்து தொடங்கிக் கதையே சொல்வார்கள். கடைக்குப் போனால் அலமாரியில் பாட்டில்தான் இருக்கும், அதைப் பறித்தவர் இருக்க மாட்டார். ஆறு ஒயின், அதிகம் போனால் எட்டு. நடுவில் தண்ணீர், ரொட்டி, கொஞ்சம் வெறும் வாய்.

(குடியைப் பற்றி இப்படி விலாவாரியாக எழுதலாமா என்று கேட்டு நாளைக்கு நாலு கடிதம் வரும். அதற்குப் பதில் அப்புறம்.)

இரண்டாவது பாட்டிலை இன்னும் திறக்கவில்லைதானே? ஃபிரிட்ஜில் இருந்தால் திறந்து ஒரு கிளாஸ் ஊற்றி அரைமணி நேரம் அப்படியே விடுங்கள், பிறகு குளிர்ந்த பாட்டிலிலிருந்து இன்னொரு கிளாஸ். யாராவது இரண்டையும் இடம் மாற்றிவைத்து, எது எது என்று தெரியாமல் நீங்கள் ருசி பார்ப்பது நல்லது. வீட்டில் தெரியாது என்கிறீர்கள், ஆள் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.