சாக்கெட் ஒன்றுதானே, வாங்கலாமா?

கேள்வி: தம்பி தன் பழைய ஐ5-11400எஃப் பிராசஸரைச் சும்மா கொடுத்தான். அது உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ 1200. சென்னை ரிச்சி தெருவில் அதே சாக்கெட்டில் எச்410 மதர்போர்டு, பழசு, மலிவாகக் கிடைக்கிறது. மகளின் கல்லூரிப் படிப்புக்கு இது போதுமா?
– வாசகி, தேனி

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. பிராசஸர் அதில் கச்சிதமாக உட்காரும். ஆனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. எச்410 சிப்செட் (பிராசஸரோடு சேர்ந்து இயங்கும் போர்டின் முக்கியச் சிப்) இன்டெலின் 10ஆம் தலைமுறைப் பிராசஸருக்கானது, உங்களுடையது 11. “பயாஸ் அப்டேட் போட்டால் ஓடும்” (பயாஸ் என்பது போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருள்) என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். (எச்410 என்ற பெயரிலேயே வேறு சிப்போடு வந்த சில போர்டுகள் 11ஐ ஏற்கும். குழப்பமே அதனால்தான்.)

2021இல் வந்த எச்510 போர்டு கேளுங்கள். போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரைக் கடைசி எழுத்துவரை குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் சிபியு சப்போர்ட் பட்டியலை (எந்தெந்தப் பிராசஸர் ஓடும் என்ற பட்டியல்) பாருங்கள். அதில் 11400எஃப் இருக்க வேண்டும். நான் கடைக்காரரின் வாக்கைவிட அந்தப் பட்டியலைத்தான் நம்புவேன்.

பழைய போர்டு என்றால் சாக்கெட்டின் மேல் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். இந்த வகையில் பின்கள் போர்டில்தான் இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று, தம்பி சொன்னாரா தெரியவில்லை. ‘எஃப்’ என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, கிராபிக்ஸ் உள்ள ஐ3-10105 பிராசஸர் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அதற்கு எச்510 போர்டே போதும்.