வேலை வரும்வரை வாவியை விடாதீர்கள்

கேள்வி: அக்கா, நான் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவள். வந்தாறுமூலை கெம்பஸில் விலங்கியல் சிறப்புப் பட்டம் முடித்து இரண்டு வருடமாகிறது. இறுதி ஆண்டு ஆய்வை எங்கள் மட்டக்களப்பு வாவியின் உப்புத்தன்மையும் இறால் குஞ்சுகளும் பற்றித்தான் செய்தேன். நீர்வள ஆராய்ச்சியிலேயே நிற்க வேண்டும் என்று ஆசை. ஆனால் எந்த வாய்ப்பும் கடைசித் திகதிக்கு அடுத்த நாள்தான் எனக்குத் தெரிய வருகிறது. எல்லாம் கொழும்பிலும் பேராதனையிலும் இருப்பவர்களுக்கே போய்ச் சேருகிறது. அம்மாவோ, 'பட்டதாரி நியமனம் வந்தால் பேசாமல் போய்ச் சேர். வாவிக்குள்ள என்ன கிடக்கு?' என்கிறார். நான் இந்தத் துறையில் இருக்கலாமா, விட்டுவிடுவதா? – ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் 'கடைசித் திகதிக்கு அடுத்த நாள்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். உங்கள் வயதில் எனக்கும் அது நடந்தது. கரையோர நீர்நிலைகள் பற்றிய ஒரு பயிற்சிக்கான அறிவித்தல், ஓர் அலுவலகத்தின் பலகையில் குண்டூசியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு அலுவலாகப் போன இடத்தில் கண்டேன். திகதி முடிந்து ஒன்பது நாள். ஏன் கெம்பஸுக்கு அனுப்பவில்லை என்று கேட்டேன். 'இங்கிருந்து யார் போகப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்' என்றார் அங்கிருந்தவர். பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன். ஆகவே செய்தி உங்களுக்கு வந்து சேருவதில்லை என்று நீங்கள் சொல்வதை மனப்பிரமை என்று தள்ள மாட்டேன். அது உண்மை, அநியாயமும்கூட.

ஆனால் பிற்காலத்தில் விண்ணப்பங்களை வாசிக்கும் மேசையிலும் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கண்டது வேறு. நேரத்துக்கு வந்து சேர்ந்த விண்ணப்பங்களிலும் பத்தில் எட்டு ஒரே மாதிரி இருக்கும். பட்டம், பெறுபேறு, 'இத்துறையில் மிகுந்த ஆர்வம் உண்டு' என்ற வரி. பட்டம் முடிந்து இரண்டு வருடம் போயிருக்கும், அந்த இரண்டு வருடத்தில் தண்ணீரைத் தொட்டதற்கு ஒரு வரிச் சாட்சி இருக்காது. எப்போதாவது ஒரு பிள்ளை, 'எங்கள் ஊர்க் களப்பில் பன்னிரண்டு மாதமாக நானே எடுத்த அளவுகள்' என்று ஒரு பக்கம் இணைத்திருக்கும். அந்த விண்ணப்பத்தை மேசையில் எல்லோரும் கைமாற்றி வாசிப்பார்கள். எனவே வாய்ப்புகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் கையில் அது இருந்தால் அடுத்த அறிவித்தல் பிந்தி வந்தாலும், அதற்கு அடுத்தது உங்களுடையதாக இருக்கலாம்.

2020 செப்டம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு அப்பால் கடலில் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் எரிந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயோடு குவைத்திலிருந்து இந்தியா போன கப்பல். அந்த எண்ணெய் கடலில் கொட்டாமல் தப்பினோம். கப்பலின் எரிபொருள் மட்டும் கசிந்து படலமாகியது. அடுத்த வருடமே கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்'. இரண்டிலும் விஞ்ஞானிகளிடம் முதலில் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: இதற்கு முன் இந்தத் தண்ணீர் எப்படி இருந்தது? நட்டஈடு கேட்டாலும், வழக்குப் போட்டாலும், அந்த 'முன்' இல்லாமல் 'பின்' பேசாது. பொத்துவில் தொடங்கி வாகரை வரை எத்தனை களப்பு, எத்தனை முகத்துவாரம். அவற்றின் சாதாரண நாளை மாதாமாதம் எழுதி வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. அந்த வேலையை யாரும் உங்களுக்கு நியமனக் கடிதத்தில் தரப் போவதில்லை. நீங்களாக எடுத்துக்கொள்ளலாம்.

எப்படித் தொடங்குவது? நீங்கள் குருமண்வெளிக்குக் கிட்ட இருப்பது பெரிய வசதி. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் 'பாதை'யில், அதாவது ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைப் படகில், ஏறினால் வாவியின் நடுவை நீங்கள் கடக்கிறீர்கள். தோணி வாடகை இல்லாமல் நடுவாவி நீர் மாதிரி கிடைக்கும்! ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில் ஏறுங்கள். கயிறு கட்டிய சின்ன வாளி, வெப்பமானி, உப்பளக்கும் கைக்கருவி, கொப்பி, பென்சில். பேனை வேண்டாம், நனைந்தால் மை போய்விடும். கைக்கருவிக்குள் ஒரு துளி விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு உப்பு என்று கோடு காட்டும். கடல்நீருக்கு அது 35 அளவில் நிற்கும். மாரியில் வயல்தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் இறங்கியபின் உங்கள் வாளியில் அது எவ்வளவுக்கு விழுகிறது, கோடையில் எங்கே ஏறுகிறது என்று ஒரு வருடம் எழுதிப் பாருங்கள்.

தண்ணீரின் தெளிவைப் பார்க்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். 20 சென்ரிமீற்றர் அகலமான தகர மூடி ஒன்றை நான்காகப் பிரித்து, மாறி மாறிக் கறுப்பும் வெள்ளையும் பூசுங்கள். நடுவில் துளை, கீழே ஒரு பாரம், பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. 1865இல் அஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் இறக்கிப் பார்த்த வெள்ளைத் தட்டின் வழிவந்த கருவிதான் இது, இன்றைக்கும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. இறக்குங்கள், கண்ணுக்கு மறையும் ஆழத்தை எழுதுங்கள். நம் வாவி ஆழம் குறைந்தது. கோடையில் சில இடங்களில் தட்டு மறையுமுன் தரையைத் தொட்டுவிடும். அந்த நாளில் இலக்கத்தைக் கற்பனை பண்ணாமல் 'தரை தெரிந்தது' என்று எழுதுங்கள். இப்படி எழுதத் தெரிந்தவரின் கொப்பியைத்தான் நான் நம்புவேன்.

ஒட்சிசன் அளவு கொஞ்சம் சிரமம். 30 பாகை வெப்பத்தில் நன்னீரில் லீற்றருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான் ஒட்சிசன் கரையும், உப்பு கூடக் கூட அதுவும் குறையும். பாசி மண்டிய நீரில் பகலில் ஒட்சிசன் ஏறும், இரவு முழுக்க எல்லா உயிரும் அதை எடுத்து எடுத்து விடியும்போது அடிமட்டத்துக்கு வந்துவிடும். காலையில் மீன் செத்து மிதப்பதற்குப் பல காரணம் இருக்கலாம், இது அதில் முக்கியமானது. பத்து மணிக்குப் போய் அளந்துவிட்டு 'ஒட்சிசன் போதுமானது' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சூரியன் எழும்புமுன் கரையில் நில்லுங்கள். கரைந்த ஒட்சிசனை அளக்கும் வின்க்லர் முறைக்கான போத்தலும் இரசாயனமும் கெம்பஸில் உங்கள் பழைய விலங்கியல் துறையில் இருக்கும், கேட்டால் தருவார்கள் என்றே நினைக்கிறேன். போத்தலை அந்த இடத்திலேயே இரசாயனம் விட்டு நிலைப்படுத்த வேண்டும். அப்படியே கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தால் வரும் வழியிலேயே அளவு மாறிவிடும்.

இன்னொரு பத்தியை அந்தக் கொப்பியில் கட்டாயம் வையுங்கள்: முகத்துவாரம். வாவி 56 கிலோமீற்றர் அளவு நீளம். வடக்கே பாலமீன்மடுப் பக்கமும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும் கடலோடு சேருகிறது. எப்போது மணல் மூடியது, எப்போது வெட்டினார்கள் என்ற திகதிகளை எழுதுங்கள். ஒவ்வொரு மாரியிலும் முகத்துவாரத்தை வெட்டுவதா என்று பேசும் கூட்டங்களில் நடப்பது உங்களுக்குத் தெரியும். வயல் தாழ்கிறது, உடனே வெட்டு என்பார் விவசாயி. இப்போது வெட்டினால் தண்ணீரோடு இறாலும் போய்விடும் என்பார் மீனவர். இரண்டு பேரும் தங்கள் அனுபவத்திலிருந்து உண்மைதான் பேசுகிறார்கள். வெட்டிய பின் எத்தனை நாளில் உப்பு எங்கே வரை ஏறியது என்ற கணக்கை யாராவது மேசையில் வைத்தால் அந்தப் பேச்சே வேறு மாதிரிப் போகும். ஒடிசாவில் சிலிக்கா ஏரிக்கு 2000இல் புது முகத்துவாரம் வெட்டினார்கள், உப்பும் மீனும் திரும்பி வந்தன. வெட்டுமுன்னும் பின்னும் அளந்து வைத்ததால்தான் அதை இன்று உலகம் எடுத்துப் பேசுகிறது.

வீசுவலைக்காரரிடம் பேசுங்கள். ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்று அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறியுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து அதே இடத்தைச் செய்மதிப் படத்தில் பாருங்கள். சென்ரினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒரு தடவை, பத்து மீற்றர் நுணுக்கத்தில் எடுக்கும் படங்கள் இலவசம். மாரியில் முகில் மறைக்கும், அந்த மாதங்களில் கண்ணும் கொப்பியும்தான் துணை.

சரி, செய்திகளுக்கு வருவோம். அவை உங்களைத் தேடி வரும் என்று இருக்க வேண்டாம். வாரத்தில் ஒரு மணித்தியாலத்தை இதற்கென்று ஒதுக்குங்கள், வெள்ளிக்கிழமை நல்லது, வர்த்தமானி வெளிவருகிற நாள். நாரா (நீர்வள ஆராய்ச்சி நிறுவனம்), நக்டா (நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை), மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை, நீர் வழங்கல் சபை ஆகியவற்றின் அறிவித்தல்களையும் பாருங்கள். தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் பேராசிரியர்களுக்கு ஆய்வு நிதி கொடுக்கும்போது ஆராய்ச்சி உதவியாளர் இடங்கள் பிறக்கின்றன. அவை பெரிய விளம்பரமாக வருவதில்லை, வாய்வழியாகப் போய்விடும். அதனால்தான் உங்கள் பெயர் நான்கு பேராசிரியர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

வெளிநாட்டுப் பக்கத்தில் நான்கை மட்டும் சொல்கிறேன், இவை உங்களைப் போன்றவர்களுக்கென்றே இருப்பவை. ஐக்கிய நாடுகள் 2021 முதல் 2030 வரை கடல் விஞ்ஞானத்துக்கான தசாப்தம் என்று அறிவித்திருக்கிறது. அதன் கீழ் 'இகோப்' என்று ஓர் அமைப்பு, தொழில் அனுபவம் பத்து வருடத்துக்கு உட்பட்டவர்களுக்கானது. சேரக் காசில்லை, அறிவித்தல்கள் உங்கள் மின்னஞ்சலுக்கே வரும். கொழும்புக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே நாளில் வரும்! இரண்டாவது, யுனெஸ்கோவின் கடலியல் ஆணைக்குழு நடத்தும் 'ஓஷன் ரீச்சர்' இணையப் பாடங்கள், பல இலவசம். மூன்றாவது, கடலாய்வு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான போகோவின் பயிற்சி. பல மாதப் படிப்பு, வளரும் நாடுகளிலிருந்து பத்துப் பேரளவில் எடுப்பார்கள், செலவு அவர்களுடையது. நான்காவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதுமாணிப் படிப்புகள். அவற்றில் கடலும் களப்பும் கண்டலும் படிக்கும் பாடநெறிகள் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு ஒக்டோபருக்கும் அடுத்த பெப்ரவரிக்கும் இடையில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இவற்றுக்கு முகவர் தேவையில்லை. ஒரு ரூபா கேட்டாலும் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

உங்கள் கொப்பி ஒரு வருடம் நிறைந்ததும் அதை ஒரு பக்கச் சுருக்கமாக்கி, சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் நடத்தும் ஆய்வரங்குக்கோ, இலங்கை மீன்பிடி, நீர்வாழ் வளங்கள் சங்கத்தின் வருடாந்த அமர்வுக்கோ அனுப்புங்கள். தொகுப்பில் பெயர் வரும். பெயர் வந்த பிறகு மின்னஞ்சல் எழுதுவது இலகு.

மின்னஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை. 'மதிப்புக்குரிய ஐயா, நான் ஒரு பட்டதாரி, தாழ்மையுடன் ஒரு வாய்ப்பை வேண்டி நிற்கிறேன்' என்று தொடங்க வேண்டாம். இப்படித் தொடங்குங்கள்: 'மட்டக்களப்பு வாவியின் குருமண்வெளித் துறையில் கடந்த ஒக்டோபரிலிருந்து வாராந்தம் உப்பையும் தெளிவையும் அளக்கிறேன். முகத்துவாரம் வெட்டிய பின் உப்பு நான் எதிர்பார்த்ததை விட மெதுவாக ஏறியது. இதே மாதிரி ஒரு களப்பைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன், ஒரு சந்தேகம்.' நான்கு வரி, ஒரு கேள்வி, ஒரு படம். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேராவது பதில் போடுவார்கள். அந்த இரண்டு பேர் போதும்.

இனி அம்மா. அவர் மேல் கோபப்படாதீர்கள். பட்டதாரி நியமனம் வந்தால் போய்ச் சேருங்கள் என்றுதான் நானும் சொல்வேன். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்துகொண்டு ஞாயிறுகளில் பாதையில் ஏற யார் தடுக்கப் போகிறார்கள்? ஆசிரியராகப் போனால் இன்னும் நல்லது, உயர்தர உயிரியல் வகுப்பில் நான்கு பிள்ளைகள் உங்களோடு வாளி தூக்க வருவார்கள். மாதச் சம்பளம் வரும் வீட்டிலிருந்து ஆராய்ச்சிக் கனவு காண்பதில் ஒரு குறையும் இல்லை. துறையை விடுவது என்பது கொப்பியை மூடி வைக்கிற நாளில்தான்.

அம்மாவின் பயத்தில் ஒன்று மட்டும் நியாயமானது. விடியற்காலையில் தனியாகக் கரைக்குப் போகாதீர்கள். முதலை நடமாடும் வாவி அது, கண்டல் ஓரமாக இறங்கவே கூடாது. தம்பியையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் அம்மாவையே அந்தக் கைக்கருவிக்குள் பார்க்கச் சொல்லுங்கள், கோடு எங்கே நிற்கிறது என்று அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

முதல் மாதத்துப் பக்கத்தைப் படம் பிடித்து இந்தப் பகுதிக்கே அனுப்புங்கள், தங்கச்சி. நான் முதலில் உப்பைத்தான் பார்ப்பேன்.