முதல் பீரியடில் காலியாக இருக்கும் பெஞ்சு

தடுமாறிக்கொண்டிருக்கும் ஒரு நகரத்து உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்ப்பது எப்படி இருக்கும், அங்கே நல்லதென்று சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இது 11-வது வருஷம்.

விசாரிப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒழுங்கைப் பற்றி. சண்டையும் கூச்சலும் இருக்கத்தான் செய்கின்றன. என் தூக்கத்தைக் கெடுப்பது காலியாகக் கிடக்கும் பெஞ்சு. மாதத்துக்கு 2 நாள் லீவுதானே என்று தோன்றும். 180 வேலை நாளில் 18 நாள் போனாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. நாள்பட்ட வருகைக் குறைவு என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்வது இந்த அளவைத்தான். கணக்கில் இதன் அடி பலமாக விழும். செவ்வாய்க்கிழமை பாடத்தை விட்டவனுக்குப் புதன்கிழமை பாடம் புரியாது. புரியாத வகுப்புக்கு வியாழக்கிழமை வர மனசு வராது.

ஒரு மாணவி தினமும் 20 நிமிஷம் தாமதமாக வருவாள். பதிவேட்டில் ‘தாமதம்’ என்று எழுதியே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டேன். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்மாவுக்கு இரவு ஷிப்ட். தம்பியை அவன் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் இவள் வரவேண்டும். அந்தப் பள்ளியின் கேட் திறப்பதே எங்கள் மணி அடித்த பிறகுதான். முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும். அது இன்னும் என்னை உறுத்துகிறது. அவளுடைய கணக்கு வகுப்பை மூன்றாம் பீரியடுக்கு மாற்றினோம், அவ்வளவுதான். அதன்பிறகு அவள் ஒரு பாடத்தைக்கூடத் தவறவிடவில்லை.

இன்னொரு கஷ்டம், நாங்களே நிலையாக இருப்பதில்லை. ஒரு வருஷம் அறிவியலுக்கு மட்டும் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். புதிதாக யார் வகுப்புக்குள் நுழைந்தாலும் பிள்ளைகளின் முதல் கேள்வி, “டீச்சர், நீங்க எவ்வளவு நாள் இருப்பீங்க?” என்பதுதான். அதில் கிண்டல் துளியும் இருக்காது.

நம்பிக்கைக்கு வருகிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2005-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு பிள்ளை 5 பாடங்களையாவது முழுதாகத் தேறி, முக்கியப் பாடத்தில் ஒரு பருவத்துக்கு மேல் தோற்காமல் இருந்தால், நான்கே ஆண்டில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகம் என்றது. அதற்கு முந்தைய தேர்வு மதிப்பெண்ணைவிட இதுவே நன்றாக முன்கூட்டிச் சொல்கிறதாம். படித்தபோது எனக்கு மூச்சு வந்தது. எட்டு வருஷம் விட்டுப்போனதை என்னால் சரிசெய்ய முடியாது. இந்த ஒரு வருஷத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள முடியும். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து, வராத பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்கிறோம். ஒவ்வொரு பெயரையும் யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமைக்குள் அந்த வீட்டுக்குப் போன் போயிருக்க வேண்டும். எல்லாப் பிள்ளையும் திரும்பி வருவதில்லை. முன்பு தொலைந்துபோன பலர் இப்போது வருகிறார்கள்.

போன மாதம் மாலை வகுப்பில் ஒரு பையன் போர்டில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான். மேலே மேலே, கீழே கீழே கூட்டிவிட்டான். ஒன்பதாம் வகுப்பிலும் இந்தத் தவறு வரும். நான் சாக்பீஸை எடுப்பதற்குள், தாமதமாக வருவாள் என்றேனே, அந்தப் பெண் எழுந்து போனாள்.

“அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்க. அப்புறம் எப்படிடா அரையை விடக் குறைஞ்சுது?”

அவன் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு 2/5-ஐ உள்ளங்கையால் அழித்தான். அவள் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவனிடம் நீட்டினாள். அதைப் பாதியாக மடித்தான், பிரித்தான், மூன்றாக மடித்துப் பார்த்தான்.

“ரெண்டுக்கும் சரியா வரணும்னா ஆறு துண்டா போடணுமா?” என்று கேட்டான்.