வீட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்திக் கார்பன் உமிழ்வைக் குறைக்க நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள்? அதனால் பயன் உண்டா?

விளக்கை அணையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், என் கணவர். அறையை விட்டு யார் எழுந்து போனாலும் பின்னாலேயே வந்து 9 வாட் எல்இடி விளக்கை அணைப்பார். அதே நேரத்தில் குளியலறையில் 25 லிட்டர் ஹீட்டர் விடிந்ததிலிருந்து சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருக்கும். அது மட்டும் அவர் கண்ணில் படாது.

நான் பொறியியல் படித்தவள் அல்ல, வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் கணக்கு எனக்கு வரும். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அந்த 9 வாட் விளக்கு ஒரு யூனிட்டைச் செலவழிக்க நூறு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டும். ஹீட்டர் தொட்டி ஒருமுறை 60 டிகிரிக்குச் சூடேறினாலே ஏறத்தாழ ஒரு யூனிட் தீர்ந்துவிடும். வீட்டில் எது சூடாக்குகிறது, எது குளிர்விக்கிறது என்று பாருங்கள். பணம் அங்கேதான் போகிறது, புகையும் அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் வீடு திருச்சியில், மாடி வீடு. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அந்த மாதத்திலும் ஹீட்டர் போட்டுக் குளிக்கும் மனிதரிடம் என்ன பேசுவது? பங்குனி முதல் ஆவணி வரை அதன் சுவிட்சின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பிறகு சரியாகிவிட்டது.

அடுத்தது ஃபிரிட்ஜ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். புதிது வாங்கியதும் பழையதைத் தூக்கிப்போட மனம் வராமல், இட்லி மாவுக்கும் பூவுக்கும் என்று கூடத்தின் மூலையில் வைத்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அது மாமியாருடையது. கதவின் ரப்பர் பட்டை தளர்ந்திருந்தது. ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் தடையில்லாமல் வந்துவிடும். எல்லோரும் ஒரு திருமணத்துக்கு வெளியூர் போனபோது, புது ஃபிரிட்ஜைக் காலி செய்து அணைத்துவிட்டு, பழையதை மட்டும் ஓடவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து பார்த்தால் நாளொன்றுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல்! இரண்டு மாதக் கணக்கில் அது மட்டும் 120 யூனிட். நமக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட் முழுவதையும் நான்கு கிண்ணம் மாவு தின்றுகொண்டிருந்தது.

அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது, மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அந்தக் காலத்து ஃபிரிட்ஜுகளில் இருக்கும் வாயு, எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. கடைக்காரர் குழாயை வெட்டினால் அத்தனையும் காற்றில் கலந்துவிடும். என் கொழுந்தனார், "நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணி" என்று குட்டி யானை வண்டியோடு வந்தார். ஃபிரிட்ஜோடு பரணில் இருந்த வெண்கல உருளியும் போய்விட்டது. அது என் அம்மா சீராகக் கொடுத்தது. ஆறு படி பாயசம் வைக்கலாம். கேட்டால், "பழைய சாமான் என்று நினைத்தேன்" என்கிறார். வெண்கலம் என்ன விலை விற்கிறது என்று தெரியாதவரா அவர்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பனிக்கரடி படம் போட்டுப் பருவநிலை பற்றி எழுதுவதும் இவர்தான். சரி, விடுங்கள்.

மொட்டை மாடிக்கு ஒவ்வொரு பங்குனியிலும் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு பூச்சு வெள்ளை அடிக்கிறோம். மழையில் பாதி கரைந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும். இரவில் படுக்கையறைக் கூரை அனல் கக்குவது குறைந்தது. ஏசியை 26இல் வைத்து மின்விசிறியும் ஓடினால் இப்போது போதுமானதாக இருக்கிறது. பழைய மின்விசிறி 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த புதிய பிஎல்டிசி வகை 30 வாட் அளவுதான். நாள் முழுவதும் ஓடும் அறைக்கு மட்டும் மாற்றினால் போதும்.

கோடையில் 500 யூனிட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த எங்கள் இரண்டு மாதக் கணக்கு 400க்குள் வந்துவிட்டது. 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறுகிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. "கஞ்சத்தனத்துக்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைக்கிறாயா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். இரண்டும்தான். நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருகிறது, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. நூறு யூனிட் குறைந்தால் 70 கிலோ. உலகம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை.

இதே கணக்கால்தான் அடுப்பு விஷயத்தில் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். கேஸை விட்டு இண்டக்ஷனுக்கு மாறுவதுதான் பசுமை என்கிறார்கள். 14.2 கிலோ சிலிண்டர் எரிந்தால் 42 கிலோ அளவு கரியமில வாயு. அதே சமையலை இண்டக்ஷனில் செய்ய, நான் போட்ட கணக்கில், 140 யூனிட் வரை ஆகும். அதை 0.7ஆல் பெருக்கிப் பாருங்கள், இரண்டு மடங்குக்கு மேல். கேஸ் எடுத்து வரும் வழியில் கசிவதைச் சேர்க்கவில்லையே என்று யாராவது வருவார்கள். நிலக்கரியையும் ஒருவர் தோண்டித்தானே எடுக்கிறார்? பருப்பை ஊறவைத்து, குக்கரில் வைத்து, முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைப்பது போதும் என்பது என் கட்சி.

மாடியில் சூரியத் தகடு போட்டவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் தாராளமாக இண்டக்ஷனில் சமைக்கலாம். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம், ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் மட்டும் கவனியுங்கள். எங்களுக்கு ஆசை உண்டு. 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஆனால் மொட்டை மாடியில் பாதி கொழுந்தனாரின் பங்கு, அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். உருளியைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.