மொட்டை மாடியில் மண் பரப்பலாமா?

கேள்வி: சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் அனலாகத்தான் வீசுகிறது. மாடியில் மண் போட்டுச் செடி வளர்த்தால் சூடு குறையுமா? தளம் தாங்குமா? – வாசகி, செல்லூர், மதுரை.

பதில்: குறையும், ஆனால் மாடிக்கு நேர் கீழே உள்ள அறைகளில் மட்டும். இலையும் ஈர மண்ணும் தளத்தின் மேல் வெயில் விழாமல் தடுக்கும். ஈரம் ஆவியாகும்போதும் சூடு இறங்கும்.

தாங்குமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆள் நடமாடும் மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் கூடுதல் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நனைந்த செம்மண் 10 செ.மீ. போட்டாலே 170 கிலோ ஆகிவிடும். அதனால் வெறும் மண் வேண்டாம். அலசிய தென்னை நார்க்கழிவு 2 பங்கு, செம்மண் 1, மக்கிய தொழுவுரம் 1 கலந்து 8 செ.மீ. பரப்பினால், நனைந்தாலும் சுமார் 100 கிலோதான். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், செடி நுனி கருகும். சீலிங் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ, மரக்கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் என்றாலோ இந்த ஆசையே வேண்டாம். நல்ல தளமானாலும் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

வாட்டர்ப்ரூஃப் வேலையை மாசி, பங்குனியில் முடியுங்கள். பூச்சு காய்ந்ததும் வடிகுழாய் வாயை அடைத்து 5 செ.மீ. தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே ஈரத் திட்டு தெரிந்தால் சரிசெய்த பிறகே மண். பூச்சின் மேல் வேர் புகாத கனமான ஷீட், அதற்கு மேல் டிரெயின் செல் (அடியில் தண்ணீர் வடிய இடம் விடும் பிளாஸ்டிக் தட்டு), பிறகு ஜியோ துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் துணி), கடைசியில் மண் கலவை. டிரெயின் செல்லுக்குப் பதில் ஜல்லி கொட்டச் சொல்வார்கள், 5 செ.மீ. ஜல்லியே 75 கிலோ இழுத்துவிடும். ஒழுகுவது பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் மூலையிலும் குழாய் வாயிலும்தான். ஷீட்டைச் சுவரில் மண்மட்டத்துக்கு மேல் அரை அடி ஏற்றி ஒட்டுங்கள். குழாயைச் சுற்றி ஓரடிக்கு மண்ணில்லாமல் விடுங்கள்.

கேள்வி: என்ன செடி வைக்கலாம்? மல்லிகை வருமா? தண்ணீர் எவ்வளவு செலவாகும்? – வாசகர், திருமங்கலம்.

பதில்: 8 செ.மீ. மண்ணில் மல்லிகை தேறாது. அதைத் தொட்டியில், சுவரோரம் பீம் வரும் இடமாகப் பார்த்து வையுங்கள். பரப்பிய மண்ணுக்குப் பிரண்டை, கற்றாழை, கற்பூரவல்லி, பத்துமணிப்பூ போதும். கோடையில் 100 சதுர அடிக்குத் தினம் 40 முதல் 50 லிட்டர் வேண்டும். கற்றாழை, பிரண்டை மட்டுமென்றால் பாதியில் ஓட்டலாம். ஆர்ஓ கழிவு நீரை ஊற்றாதீர்கள், உப்பு சேரும்.

கேள்வி: தெருவில் மழைநீர் தேங்குவது குறையுமா? – வாசகர், பழங்காநத்தம்.

பதில்: கோடை மழையென்றால், காய்ந்த மண் முதல் 2 செ.மீ. அளவைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசியில் விடாமல் பெய்யும்போது மண் நிறைந்திருக்கும். வருவது அப்படியே இறங்கிவிடும். அந்த நீர் பழுப்பாக இருக்கும் என்பதால் குடிநீர்த் தொட்டிக்கு விடாமல், வடிகட்டி வழியாக உறைகிணற்றுக்குத் திருப்புங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை குழாய் வாயில் சேரும் சருகை அள்ளுங்கள். காக்கை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிடுங்கள்.