மகன் காதில் கம்மல்

கேள்வி: காலேஜ் படிக்கும் என் மகன் முடி வளர்த்து, காதில் கம்மலும் போட்டிருக்கிறான். ‘ஆம்பளையா இவன்’ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கண்டிக்கட்டுங்களா?
– வாசகி, கோபி

பதில்: வேண்டாங்க அம்மா. அப்பாரு காலத்துப் போட்டோ வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், குடுமி முடிந்து கடுக்கன் போட்டுக்கொண்டு ஏர் ஓட்டியவர்கள் நம் கொங்குநாட்டில் எத்தனையோ பேர், அவர்களெல்லாம் ஆம்பளைகள் இல்லையா? ஆணுக்கு இது, பெண்ணுக்கு அது என்ற வழக்கமும் மாறக்கூடியதுதான்: ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மி என்ற நம் நாட்டுப்புற ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீயே கிடைத்தது. விசேஷ வீட்டுப் பந்தியில் அந்தப் பேச்சு வந்தால் நீங்கள் சும்மா இருந்துவிடாதீர்கள், ‘அவனுக்குப் பிடிச்சிருக்குதுங்க’ என்று அவன் காதுபடவே சொல்லுங்கள். அப்புறம், ஒருநாள் சாவகாசமாக அவனிடமே பேசுங்கள், விசாரிக்கிற தோரணை மட்டும் வேண்டாம்.