ரகசிய எண் தெரியாத பழைய லாக்கர்

வீடு காலி செய்தவரிடம் மின்னணு லாக்கர் ஒன்றை மலிவாக வாங்கினேன். எண் அவருக்கே மறந்துவிட்டதாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பழைய எண் அழிந்துவிடுமா?

அழியாது. மின்சாரம் இல்லாவிட்டாலும் எண்ணை வைத்திருக்கும் சில்லில்தான் அது பதிவாகிறது. முதலில் அவசரச் சாவியைத் தேடுங்கள். வீட்டு உபயோக லாக்கர்கள் பெரும்பாலானவற்றில் முகப்பிலுள்ள பெயர்த் தகட்டுக்கோ சிறு பிளாஸ்டிக் மூடிக்கோ பின்னால் சாவித்துளை ஒளிந்திருக்கும். லாக்கரை விற்றவரிடமே சாவியைக் கேளுங்கள். பீரோ இழுப்பறையில் எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் கிடக்கும் சாவி அதுவாக இருக்கலாம். கிடைக்காவிட்டால் மாடல் எண், வரிசை எண், வாங்கியதற்கான ரசீது ஆகியவற்றுடன் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதுங்கள். கையால் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீதாவது வேண்டும். உரிமையை விசாரிக்காமல் சாவி அனுப்பும் நிறுவனத்தின் லாக்கரை நான் வாங்க மாட்டேன்.

திறந்ததும் பேட்டரிகளை மாற்றுங்கள். கதவின் உட்புறம், பெரும்பாலும் கீல் பக்கமாக, ஒரு சிறிய பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் புதிய எண்ணைப் பதியலாம். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்குத் தாழ் சரியாக உள்ளே போகிறதா என்று சில தடவை பார்த்த பிறகே மூடுங்கள். இந்த அவசரத்தில் மறுபடி பூட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

சாவி இல்லை. 0000 முதல் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாமா?

கையேட்டில் அச்சிட்டிருக்கும் தொடக்க எண்ணை ஒருமுறை முயலுங்கள். பலர் அதை மாற்றுவதே இல்லை. அதற்கு மேல் வீண். நான்கு இலக்கத்துக்கே 10,000 வாய்ப்புகள். மூன்று தவறுக்கு ஐந்து நிமிடம் முடங்கும் என்று வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் முயல இரவு பகலாகப் பதினொரு நாளுக்கு மேல் ஆகும். முந்தைய உரிமையாளர் ஆறு இலக்கம் வைத்திருந்தால் கணக்கே போடாதீர்கள்.

எண் சரி, பச்சை விளக்கும் எரிகிறது. கதவு மட்டும் திறக்கவில்லை.

பேட்டரி தளர்ந்திருக்கும். விளக்குக்குப் போதுமான மின்சாரம் தாழை விடுவிக்கப் போதாது. புதிய அல்கலைன் பேட்டரிகள் போடுங்கள். பேட்டரி அறை உள்ளே இருந்தால், வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனை இருக்கிறதா என்று பாருங்கள். கதவை உள்நோக்கி அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் திருப்புவதும் உதவும். உள்ளே திணித்த பொருள் தாழை நெருக்கிக்கொண்டிருக்கலாம்.

வெல்டிங் பட்டறையில் கேஸ் கட்டரால் வெட்டித் தருகிறேன் என்கிறார்கள்.

வேண்டாம். உள்ளே காகிதம் இருந்தால் சாம்பல்தான் மிஞ்சும். லாக்கரும் காயலான் கடைக்குத்தான் போகும். லாக்கர் திறப்பதையே தொழிலாகச் செய்பவர் பூட்டின் அமைப்பறிந்து ஒரே ஒரு துளையிடுவார். பிறகு துளையை அடைத்துப் பூட்டை மாற்றிக்கொள்ளலாம். அவரும் ரசீது கேட்பார், கொடுங்கள். சில ஆயிரம் ரூபாய் லாக்கர் என்றால் கூலியை முதலில் கேட்டுவிடுங்கள். புதிதே வாங்கிவிடலாம் என்று தோன்றக்கூடும்.

காந்தத்தை வைத்தாலே திறக்கும் என்கிறார்களே?

சில மலிவு லாக்கர்களில் உண்மைதான். உங்களுடையது அந்த ரகம் என்று தெரிந்தால் அதில் நகை வைக்காதீர்கள்.

திறந்தபோது உள்ளே நகையோ பத்திரமோ இருந்தால்?

நீங்கள் விலை பேசியது பெட்டிக்கு. உள்ளே இருப்பதைப் படம் எடுத்துவிட்டு விற்றவரை அழையுங்கள். அவர் தன்னுடையது இல்லை என்றாலோ, ஆளே கிடைக்காவிட்டாலோ காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.